மருந்து குறைந்தும் கொட்டாவி வராத ஆறுமுகம்

அபின் பழகியவருக்கு மருந்தைக் குறைத்தால் மூக்கு ஒழுகும், கொட்டாவி வரும், கால் குடையும். ஆறுமுகத்துக்கு எதுவுமே வரவில்லை. டாக்டருக்கு மகிழ்ச்சி. எனக்குச் சந்தேகம்.

அறுபதுகளில் திருப்பூரில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் நான் நர்ஸ். ஆறுமுகம் சலவைப்பட்டறையில் பனியன் துணி வெளுப்பவர். நாள் முழுக்கத் தண்ணீரில் நின்ற கால்வலிக்கு அபின் தின்ன ஆரம்பித்து, அது இல்லாமல் எழ முடியாமல் போய்விட்டது. பெட்டில் சேர்த்தால் குடும்பம் பட்டினி. அதனால் டாக்டர் வேறு ஏற்பாடு செய்தார். அளவு குறைத்துக்கொண்டே வரும் அபின் மிக்சரை நான் பட்டறை மேஸ்திரி காதர் பாயிடம் கொடுப்பேன். அவர் எதிரிலேயே ஆறுமுகம் குடிக்க வேண்டும். வழியில் அபின் வாங்கிவிடாதபடி, உடன் வேலை செய்பவர்கள் மாறி மாறி அவரை வீடுவரை கொண்டுபோய் விடுவார்கள்.

ஆறுமுகத்தின் இமையை விலக்கிப் பார்த்தேன். கருமணி கடுகாய்ச் சுருங்கியிருந்தது. நாங்கள் கொடுக்கும் குறைந்த அளவு அபினுக்கு அவ்வளவு சுருங்காது. யாரோ கூடுதலாகக் கொடுக்கிறார்கள். மருந்து பாய் கையில்தானே இருக்கிறது?

சொல்லாமல் பட்டறைக்குப் போய்ச் சீசாவைக் கேட்டேன். அளவு சரியாகவே இருந்தது.

"என்னைய நம்பாமத்தான வந்தீங்க?" என்றார் பாய்.

"ஆமாங்க பாய்."

"நானும் உங்களை நம்பலீங்க சிஸ்டர். கொறைக்கறேன்னு சொல்லிப்போட்டுப் பழைய மருந்தவே ஊத்திக் கொண்டாறீங்களோன்னு நெனச்சேன்."

சுருக்கென்றது. ஆனாலும் அவர் நினைத்ததில் தப்பில்லை.

"அப்ப மிச்சம் அவிய ஊடுதானுங்க" என்றார். இருவரும் ஆறுமுகத்தின் வீட்டுக்கு நடந்தோம்.

எங்களைக் கண்டதும் ஆறுமுகத்தின் மனைவி மாராத்தாள் அடுப்பை மறைத்து நின்றாள். நான் சட்டியைத் திறந்தேன். அபின் எடுக்கிற கசகசாக்காயின் தோல் வெந்துகொண்டிருந்தது.

"பட்டறையில நீங்க அத்தன பேரு இருக்கறீங்க. ஊட்டுல நான் ஒருத்திதானுங்க" என்று அழுதாள். "கொறைச்ச மொத ராத்திரி காலைப் புடிச்சுட்டு மனுசன் கதறுனாரு, பாத்துட்டு இருக்க முடியலீங்க. அதுலிருந்து காப்பியில கலந்து குடுக்கறேன். அவருக்குத் தெரியாதுங்க."

ஒரே ராத்திரி வலியோடு அபினை விட்டுவிட்டதாகப் பட்டறையெல்லாம் பெருமை பேசிக்கொண்டிருந்தவரிடம் நான்தான் சொல்ல வேண்டியிருந்தது. துணியைப் பிழிந்துகொண்டிருந்த கை நின்றுபோனது.

"அப்ப நான் உடவே இல்லீங்களா சிஸ்டர்?"

டாக்டர் அளவை மறுபடி கணக்கிட்டு, இன்னும் மெதுவாகக் குறைத்தார். இந்தத் தடவை எல்லா வேதனையும் வந்தது. பாயின் மனைவியும் பக்கத்து வீட்டம்மாவும் பொழுது சாய்ந்தால் போய் மாராத்தாளோடு உட்கார்ந்துகொள்வார்கள். காலுக்கு உப்பு ஒத்தடம் கொடுப்பார்கள். ஆறுமுகம் தேறினார். மருந்து அடியோடு நின்ற பிறகும், மாராத்தாள் முதலில் ஒரு வாய் குடித்துக் காட்டினால்தான் காப்பியை வாங்குவார். அந்தச் சந்தேகம் தீர நெடுநாளாயிற்று.

பிறகு வந்த நர்ஸ்களுக்கு நான் சொன்னது இதுதான்: நோயாளிக்குத் துணை வைக்கும்போது, அவர் கதறலை வீட்டில் தனியாகக் கேட்கிறவருக்கும் ஒரு துணை வையுங்கள்.