துணிக்குச் சொந்தச் சூடு கிடையாது

ஐஸ் கம்பெனியில் போன் எடுப்பவன் முதலில் கேட்கிற கேள்வி ஒன்றுதான். அன்று காலையும் அதையே கேட்டுத் தொலைத்தேன்.

"ரெண்டு பார் ஐஸ் வேணும்ணே" என்றது ஒரு இளம் குரல்.

"மீனுக்கா?"

"இல்லண்ணே, எங்க அத்தை தவறிட்டாங்க. ஃப்ரீசர் பெட்டி வர சாயங்காலம் ஆவுமாம்."

வீடு எது என்று கேட்டபோதுதான், போனது நர்ஸ் மதலேன் சிஸ்டர் என்று தெரிந்தது. மீனுக்கா என்று கேட்ட வாயை எங்கே கொண்டுபோய் வைப்பது? ஐஸை நானே வண்டியில் ஏற்றிக்கொண்டு போனேன்.

முப்பதாம் நாள் பூசைக்கு அச்சிடும் இந்தச் சிறு புத்தகத்தில் என்னையும் எழுதச் சொல்லியிருக்கிறார்கள். எட்டாவதோடு நின்றவன் நான். பிழை இருந்தால் சிஸ்டருக்காகப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பத்தொன்பது வருடங்களுக்கு முன் என் மகள் ஏழாம் மாதக் கடைசியில் பிறந்தாள். எடை ஒன்றரைக் கிலோகூட இல்லை. என் மனைவி ரத்த அழுத்தம் ஏறி வேறு வார்டில் நினைவில்லாமல் கிடந்தாள். கண்ணாடிப் பெட்டியிலிருந்து வெளியே எடுத்த அன்று, குழந்தைக்குத் துணை நான் மட்டும். கால் சில்லிட்டிருந்ததைப் பார்த்து ஒரு பழைய புடவையைச் சுற்றினேன். அதன்மேல் ஒரு துண்டு, அதற்கும் மேல் என் போர்வை. மூக்கு மட்டும் வெளியே தெரிந்தது.

சிஸ்டர் வந்தார். துணிக்குள் கையை விட்டுக் குழந்தையின் உள்ளங்காலைத் தொட்டார்.

"என்னப்பா, இப்படி ஜில்லுன்னு கிடக்கறா?"

"மூணு துணி சுத்தியிருக்கேனே சிஸ்டர்."

"நீ என்ன வேலை பாக்கறே?"

"ஐஸ் கம்பெனிங்க. வைத்திக்குப்பத்து மீன்காரங்களுக்கு ஐஸ் போடறோம்."

"வழியில கரையாம எப்படிக் கொண்டுபோவே?"

தெரிந்த கேள்வி வந்துவிட்ட சந்தோஷத்தில் கடகடவென்று ஒப்பித்தேன். "உமி கொட்டி, மேல கோணி போட்டு நல்லா மூடிடுவோம் சிஸ்டர்."

"கோணிக்குள்ள ஐஸ் சூடாவுதா?"

"எப்படி ஆவும்? ஜில்லுன்னே இருக்கும்."

"அப்போ ஜில்லுன்னு இருக்கற புள்ளையைச் சுத்தி வெச்சா? துணிக்குச் சொந்தச் சூடு கிடையாதுப்பா. உள்ள இருக்கறதைத்தான் காவல் காக்கும். இவகிட்ட இருந்தது போயிடிச்சி. யாராச்சும் குடுக்கணும். சட்டையைக் கழட்டு."

வார்டு முழுக்கப் பெண்கள். என் பனியனில் மூன்று ஓட்டை. "பொம்பளைங்க யாராச்சும் வரட்டுமே" என்று இழுத்தேன்.

"வரும்போது வரட்டும். இப்போ சூடு யார்கிட்ட இருக்கு? உன்கிட்டதானே? கையைத் தேய்ச்சுக்கோ, ஐஸ்காரன் கை!"

குழந்தையின் துணியையெல்லாம் அவிழ்த்து, தலைக்குக் குல்லா மட்டும் மாட்டி, என் வெறும் நெஞ்சில் தவளைக்குட்டி மாதிரி ஒட்டவைத்தார். என் முதுகோடு சேர்த்து ஒரு துணியால் கட்டினார். "இப்போ துணி சுத்து. இப்போ அதுக்கு வேலை இருக்கு."

பக்கத்துக் கட்டிலில் இருந்த பெண் கேட்டாள்: "ஏண்ணே, பால் வருதா?"

எனக்கு முன்னால் சிஸ்டர் பதில் சொன்னார்: "பால் வராது, சூடு வரும். உன் வூட்டுக்காரர் எங்க, டீக்கடையிலயா? அவரையும் வரச் சொல்லு."

ஒரு மணி நேரம் மூச்சுகூட அளந்துதான் விட்டேன். சிஸ்டர் திரும்பி வந்து உள்ளங்காலைத் தொட்டுவிட்டு, என் கையைப் பிடித்து அங்கே வைத்தார். வெதுவெதுவென்று இருந்தது. பதினோரு நாள் அப்படியே கிடந்தேன். நடுவில் என் மனைவி கண் விழித்து, "புள்ள எங்க?" என்று கேட்டபோது, என்னால் பதில் சொல்ல முடிந்தது.

வீடு திரும்பிய பிறகு, நன்றி சொல்ல ஆஸ்பத்திரிக்கு ஒரு முழு வஞ்சிரம் கொண்டுபோனேன். சிஸ்டர் அதைத் தொடவில்லை. "மீன் வேணாம். உள்ள தவளக்குப்பத்து ஆளு ஒருத்தன் சட்டையைக் கழட்டமாட்டேங்கறான். வந்து சொல்லு" என்றார். போய்ச் சொன்னேன். அதன்பின் எத்தனை முறை கூப்பிட்டார் என்று கணக்கில்லை. ஒவ்வொரு முறையும், "நம்ம புரொபசர் வந்துட்டாரு" என்றுதான் அறிமுகம். பனியன் ஓட்டையைக்கூட விடாமல் சொல்லுவார். என் வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த பட்டம் அது ஒன்றுதான்.

அவரிடமிருந்து என்னிடம் இருப்பது ஒரு பழக்கம். குளிருகிறது என்று யார் சொன்னாலும் போர்வையைத் தேடமாட்டேன், முதலில் காலைத் தொட்டுப் பார்ப்பேன். கல்லூரிக்குப் போகிற மகள் தூங்கும்போதும் தொடுகிறேன். "அப்பா, காலை விடு" என்று உதைக்கிறாள். நன்றாகவே உதைக்கிறாள்.

வாய்விட்டுச் சொல்லாதது ஒன்று உண்டு. நான் சட்டையைக் கழற்றத் தயங்கியது வெட்கத்தால் என்று சிஸ்டர் கடைசிவரை ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தார். நானும் கூடச் சேர்ந்து சிரித்தேன். அது வெட்கமில்லை, சிஸ்டர். பிழைக்கமாட்டாள் என்று நான் முடிவே செய்துவிட்டிருந்தேன். கை பழகிவிடக்கூடாது என்றுதான், தொடாமல், துணிமேல் துணியாகச் சுற்றிக்கொண்டிருந்தேன்.