தட்டும் சத்தம்

இரண்டு ஆண்டுகளுக்கு முன், ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை. ஆரணியில் ஒரு சிறிய திருமண மண்டபத்தில், பல்கலைக்கழகம் ஒன்றின் திரைப்படத் துறைப் பேராசிரியை ஒருவர் உலக சினிமா திரையிட்டார். படம் முடிந்ததும் யார் வேண்டுமானாலும் பேசலாம். பத்திரிகைக்குச் செய்தி எழுதப் போயிருந்த நான் சுவரோரமாக உட்கார்ந்தேன்.

பனி கொட்டும் ஏதோ ஒரு நாட்டுப் படம். பல வருடம் கழித்து ஊர் திரும்பும் கிழவர் தன் வீட்டுக் கதவைத் தட்டுகிறார். மகள் திறக்கிறாள். இருவரும் பேசாமல் வெகுநேரம் பார்த்தபடி நிற்பதோடு படம் முடிகிறது.

விளக்கு போட்டதும், பட்டுச் சேலைக் கடையில் வேலை பார்க்கும் ஒரு பெண் முதலில் எழுந்தார்.

“மேடம், பொண்ணுதான் கதவத் தொறந்துட்சே. அப்பறமும் யாரோ தட்டிகினே இருந்தாங்களே, அது யாருங்க?”

“உன் மாமியாரா இருக்கும்டி,” என்றார் பக்கத்தில் இருந்த தோழி. சிரிப்பு அடங்குவதற்குள் பின்வரிசையிலிருந்து ஒருவர், “அது அந்தப் பெரியவரோட மனசாட்சிம்மா,” என்றார். பலத்த கைதட்டல். இன்னொருவர், செத்துப்போன மனைவி என்றார். அதற்கும் கைதட்டல். நான் மனசாட்சியைக் குறித்துக்கொண்டேன். நல்ல தலைப்பு.

பேராசிரியை மட்டும் சிரிக்கவில்லை. “இந்தப் படத்தப் பல ஊர்ல போட்டிருக்கேன். கதவு திறந்த பிறகு அதுல சத்தமே கிடையாது,” என்றார். கடைசிக் காட்சியை ஒலியில்லாமல் மறுபடி ஓட்டினார். மின்விசிறிகளையும் நிறுத்தச் சொன்னார்.

கிழவரும் மகளும் திரையில் அசையாமல் நின்றார்கள். நாங்களும் அசையவில்லை.

டொக்.

சற்று இடைவெளி. மறுபடி டொக். என் முதுகுக்குப் பின்னால் இருந்த சுவரிலிருந்து.

சுவருக்கு அந்தப் பக்கம் சாயப்பட்டறை. விடுமுறை நாள், கதவு உள்ளே தாழிட்டிருந்தது. உடைத்துத் திறந்தபோது புகை கண்ணை மறைத்தது. மறுநாள் வேலைக்காகத் தனியாக வந்து அடுப்பு மூட்டிய உரிமையாளர், ஈரத் தரையில் வழுக்கி இடுப்பு முறிந்து கிடந்தார். கைபேசி, ஆணியில் மாட்டிய சட்டைப் பையில். புகையில் குரல் போய்விட்டது. சாயத் தொட்டியில் நூலைத் திருப்பும் கோல் மட்டும் கையில் இருந்தது. இன்னும் கொஞ்ச நேரம் போயிருந்தால் பிழைத்திருக்க மாட்டார் என்றார் மருத்துவர்.

சில நாள் கழித்து அவரைப் பார்க்கப் போனேன். கோபமே இல்லாமல் சொன்னார்: “நீங்க பேசினதெல்லாம் கேட்டுச்சு சார். நான் செவுத்தத் தட்டத் தட்ட, நீங்க கையத் தட்டிகினு இருந்தீங்க.”

இப்போதும் எந்த அரங்கிலாவது கைதட்டல் எழுந்தால் என் கைகள் சேர்வதில்லை. அது ஓயும்வரை காத்திருந்து, அதன் பிறகு ஏதாவது கேட்கிறதா என்று சுவர்ப் பக்கம் காது கொடுக்கிறேன்.