கிரகணம் விட்ட வேளை

போன வாரம் என் மகளைப் பிரசவ அறைக்குள் கொண்டுபோய்க் கதவைச் சாத்தினார்கள். தாயும் பிள்ளையும் நலமாக வீடு வந்தாகிவிட்டது. சாத்திய கதவுக்கு வெளியே நிற்கிற பயம் எனக்கு ஒன்பது வயதிலேயே பழக்கம்.

அப்போது மேலகரத்தில் இருந்தோம். ஆனி மாதம், சாரல். அன்று காலை சூரிய கிரகணம். இலங்கையில் முழுதாகவும், எங்கள் பக்கம் பெரும்பகுதியும். வான ஆராய்ச்சிக்கூடத்தில் வேலை பார்த்த சித்தப்பா லீவு போட்டு வந்து, மொட்டைமாடியில் கம்பிகளை நாட்டியிருந்தார். பட்டாளத்தில் கழித்துப்போட்ட ரேடியோப் பெட்டி ஒன்று. அதை ஓட்ட, அப்பாவின் காரிலிருந்து கழற்றிய பேட்டரி.

"மேகம் மூடிக்கெடக்கு, என்னத்தலே பாக்கப்போற?" என்றார் அப்பா.

"பாக்கலண்ணே, கேக்கப்போறேன். ரேடியோ அலைக்கு மேகம் ஒரு தடையா?"

சூரியனைச் சுற்றி ஓர் அனல்வட்டம் உண்டாம், கரோனா என்று பெயர். நிலா சூரியனை மறைத்தாலும் அது வெளியே நீட்டிக்கொண்டு இரையுமாம். பிடிக்கும்போது இரைச்சல் எவ்வளவு இறங்குகிறது, விடும்போது எப்படி ஏறுகிறது என்று அளந்தால் வட்டத்தின் அளவு தெரியும். இந்த ஒரு காலைக்காக வருஷக்கணக்கில் காத்திருந்தார். ஹெட்போனை என் காதில் வைத்தபோது அப்பளம் பொரிகிற மாதிரி இருந்தது.

பிள்ளைத்தாய்ச்சியான அம்மாவை அத்தை விடியுமுன்னே அறைக்குள் விட்டு, ஜன்னலுக்குக் கம்பளி கட்டியிருந்தாள். பாதிக் கிரகணத்தில் அம்மாவுக்கு வலி கண்டது. இன்னும் நாள் இருந்தது. நான் பிறந்தபோதே செத்துப் பிழைத்தவள். இந்தத் தடவை ஆஸ்பத்திரிதான் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அத்தை கதவை மறித்து நின்றாள்.

"கிரகணம் விட்டு, கண்ணால சூரியனப் பாத்த பொறவுதான் கதவு தொறக்கும். பிள்ளை ஊனமாப் பொறந்தா நீயால வளக்கப்போற?"

அக்காவை எதிர்த்துப் பேசி அப்பாவுக்குப் பழக்கமில்லை. "இந்த மேகத்துல எங்கக்கா பாக்க?" என்று முனகினார். உள்ளே அம்மா என் பெயரைச் சொல்லிக் கத்தினாள்.

அத்தைக்கும் முகம் வெளுத்தது. "ஏட்டி, மேல ஓடு. சித்தப்பாட்ட கேளு. சூரியன் பேசுதத ஒட்டுக்கேக்கவனுக்கு, கிரகணம் விட்டது தெரியாமலா இருக்கும்?"

ஓடினேன். சித்தப்பா பெட்டியின் முள்ளைப் பார்த்தார். மறுபடியும் பார்த்தார். கீழிருந்து அம்மாவின் சத்தம் வந்தது.

"விட்டாச்சுன்னு சொல்லு" என்றவர், நான் திரும்புமுன்பே பேட்டரி வயர்களைப் பிடுங்கினார். பேட்டரியைத் தோளில் தூக்கிக்கொண்டு என்னைத் தாண்டிப் படியிறங்கினார்.

காரில் அம்மாவின் காலடியில் உட்கார்ந்திருந்தேன். தென்காசிக்குள் நுழைகையில் மேகம் சற்று விலகியது. சூரியன் கடித்துவைத்த தோசை மாதிரி நின்றது. கிரகணம் விடவே இல்லை! என் பாவாடையை விரித்து அம்மாவின் வயிற்றை மூடினேன். வேறு யாரும் மேலே பார்க்கவில்லை.

தம்பி பிறந்தான். துணியை விலக்கி விரல், உதடு, காது என்று ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தேன். எல்லாம் சரியாக இருந்தும் பயம் போகவில்லை.

சாயங்காலம் வந்த சித்தப்பாவிடம் சொன்னேன்: "உங்க மெஷின் தப்பு சித்தப்பா. அப்போ கிரகணம் விடவே இல்ல."

"அப்படியா?" என்றார். "பழைய மெஷின்லா. அத்தைட்ட சொல்லிராத, என்ன."

அத்தனை கம்பி நாட்டியும் இதைக்கூடச் சரியாகக் கேட்கத் தெரியவில்லையே என்று அவர்மேல் எனக்குப் பரிதாபமாக இருந்தது. வெகுகாலம் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.