விண்ணப்பத்தில் எழுதிய ஒரு லொறி மாம்பழம்

நோர்வேயில் பேருந்து நிறைந்து வழிந்தாலொழிய ஒருவரும் உங்கள் பக்கத்தில் வந்து இருக்கமாட்டார்கள். அவ்வளவு ஒதுங்கி வாழ்கிறவர்கள், வேலை என்று வந்தால் மட்டும் உங்கள் பழைய முதலாளியைத் தேடிப்பிடித்து, நீங்கள் எப்படிப்பட்ட ஆள் என்று தொலைபேசியில் அரை மணித்தியாலம் விசாரிப்பார்கள். அப்படி விசாரிக்கக்கூடிய ஆளுக்கு இங்கே ‘ரெஃபெரான்சே’ என்று பெயர். விண்ணப்பத்தில் ஒருவருடைய பெயரும் இலக்கமும் போடாவிட்டால் உங்கள் காகிதத்தைத் திருப்பியும் பார்க்கமாட்டார்கள். இது எனக்கு விளங்க ஒரு வருடம் எடுத்தது. விளங்கிய அன்றைக்கே கொடிகாமத்துக் கந்தப்பு முதலாளி ஞாபகத்துக்கு வந்தார்.

ஒஸ்லோவுக்கு வெளியே ஒரு பழக் களஞ்சியம். வருகிற பழங்களைத் தரம் பார்த்துப் பிரிக்க நிரந்தரமாக ஒரு ஆள் வேண்டும் என்று போட்டிருந்தார்கள். நிரந்தர வேலை இருந்தால்தான் மீசாலையில் இருக்கும் மனைவியையும் மகளையும் கூப்பிடலாம். விண்ணப்பம் எழுத உதவ வேலைவாய்ப்புக் கந்தோரில் இங்கிரிட் என்ற பெண்ணை விட்டார்கள். என் வாழ்க்கையை முன்னால் வைத்து அவள் அரிசியில் கல் பொறுக்குவது போலப் பொறுக்கினாள். கட்டாரில் நீச்சல் குளம் கழுவிய இரண்டு வருடம் இருக்கட்டும் என்றாள். மலேசியாவில் பதினான்கு மாதம் காகிதமில்லாமல் ஒளித்திருந்ததைச் சொன்னேன். கொஞ்சம் யோசித்துவிட்டு ‘பயணம்’ என்று எழுதினாள். கடல் பிடிக்குமா என்றும் கேட்டாள்.

கொடிகாமத்தைச் சொன்னபோது நிமிர்ந்து இருந்தாள். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டுக் கந்தப்புவின் மொத்தக் கடையில் ஏழு வருடம் நின்றேன். கறுத்தக்கொழும்பான், விலாட்டு மாம்பழங்கள் வளவுகளிலிருந்து கூடை கூடையாக வரும். காம்படியை மணந்து, பழத்தின் தோளை அமத்திப் பார்த்து, எது இன்றைக்குப் போகவேண்டும், எது மூன்று நாள் தாங்கும் என்று பிரிப்பது என் வேலை. கந்தப்புவுக்கு அது தெரியாது. ஆனால் கொழும்பு வியாபாரிகளுக்கு அவர்தான் கெட்டிக்காரர்.

ஒருமுறை கொழும்பில் விலை ஏறும் என்று நினைத்து, ஏற்றிய லொறியை இரண்டு நாள் மறித்து வைத்தார். வேண்டாம் என்று சொன்னேன். என்னை ஏசினார். லொறி கொழும்பில் திறந்தபோது பெட்டிகளிலிருந்து சாறு ஒழுகியது. செய்தி வந்ததும் பழம் கொடுத்த வளவுக்காரர் எல்லாரும் காசு கேட்டுக் கடையை வளைத்துக்கொண்டார்கள். கந்தப்பு என் கழுத்தில் பிடித்து முன்னால் தள்ளினார்.

“ஏன்ரா வாயை மூடிக்கொண்டு நிக்கிறாய்? பழத்தைப் பிழையாப் பிரிச்சது நீதான் எண்டு இவைக்குச் சொல்லு.”

சொன்னால் வேலையில் வைத்திருப்பார் என்று நம்பினேன். சொன்னேன். அடுத்த நாள் கடைக்குள் விடவில்லை. சந்தையில் வேறு ஒருவரும் எடுக்கவும் இல்லை. எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. கட்டாருக்கும் மலேசியாவுக்கும் நான் உலகம் பார்க்கப் போகவில்லை.

இந்த லொறியையும் விண்ணப்பத்தில் எழுதச் சொன்னேன். ‘ஒரு லொறி மாம்பழம் பழுதானது, பிழை என்மேல் சுமத்தப்பட்டது’ என்று. இங்கிரிட் பேனையைக் கீழே வைத்தாள். தன் தோல்வியை யாரும் விண்ணப்பத்தில் எழுதுவதில்லை என்றாள். அது என் தோல்வி இல்லை என்றேன். நான் நேர்மையானவன் என்று அவளாக முடிவு கட்டிக்கொண்டு எழுதினாள். ரெஃபெரான்சே என்ற இடத்தில் கந்தப்புவின் பெயரையும், மச்சான் ரவி கடைப் பலகையில் பார்த்து அனுப்பிய இலக்கத்தையும் போட்டேன். கட்டாரில் என்மேல் நல்ல மதிப்பு வைத்திருந்த மேற்பார்வையாளர் ஒருவர் இருந்தார். மனைவிக்கு அதுவும் தெரியும்.

“உங்களுக்கு வேலை வேணுமோ, வீம்பு வேணுமோ?” என்று தொலைபேசியில் கேட்டாள். “நானும் பிள்ளையும் எத்தினை வருசம் இப்பிடிப் பாத்துக்கொண்டிருக்கிறது?”

அடுத்த நாள் விண்ணப்பத்தை அப்படியே அனுப்பினேன்.

கந்தப்புவை எப்போது அழைத்தால் வசதி என்று களஞ்சியப் பொறுப்பாளர் கேட்டார். காலை ஏழு மணி என்றேன். அங்கே அப்போது பத்தரை, சந்தை நிறைந்திருக்கும். கந்தப்புவுக்குக் காது மந்தம், எந்த அழைப்பையும் ஸ்பீக்கரில் போட்டுத்தான் கதைப்பார் என்பதும் எனக்குத் தெரியும். நடப்பதைக் கேட்டுச் சொல்ல ரவியை ஓட்டோவோடு கடை வாசலில் நிற்கச் சொன்னேன்.

மொழிபெயர்த்தது களஞ்சியக் கந்தோரில் வேலை செய்யும், இங்கேயே பிறந்த ஒரு தமிழ்ப் பிள்ளை. ஐயா, முதலாளி ஒன்றும் இல்லாமல், இங்கத்தைய வழக்கப்படி “கந்தப்பு” என்றே கூப்பிட்டதாம். கடைசியில் லொறியைப் பற்றி, ஆருடைய பிழை என்று கேட்டிருக்கிறது. அவர் சொன்னதை அந்தப் பிள்ளை எனக்கு அப்படியே ஒப்புவித்தது.

“அது என்ரை பிழைதான் பிள்ளை. விலை வரும் எண்டு நான்தான் மறிச்சு வைச்சனான். அவன்... அவர் வேண்டாம் எண்டு சொன்னவர்.”

வேலை கிடைத்தது. பொறுப்பாளர் என் கையைப் பிடித்து, தன் பிழையைத் தானே ஒத்துக்கொள்ளும் முதலாளி எல்லாருக்கும் கிடைப்பதில்லை, நீ கொடுத்து வைத்தவன் என்றார். நான் தலையாட்டினேன். பதினைந்து வருடம் காத்திருந்த ஒரு வசனம் சந்தை முழுக்கக் கேட்கச் சொல்லப்பட்டுவிட்டது என்ற சந்தோசத்தில் அன்று மதியம்வரை எனக்குப் பசிக்கவில்லை.

மதிய இடைவேளையில் ரவி தொலைபேசியில் எடுத்தான்.

“அத்தான், ஸ்பீக்கரிலை எல்லாருக்கும் கேட்டதுதான். ஆனா மனிசன் போனை வைச்சிட்டுச் சிரிக்கிறார். ‘பெடியனுக்கு ஒரு வேலை கிடைக்கட்டும் எண்டு சும்மா ஒரு பொய்யைச் சொல்லிவிட்டன்’ எண்டார். சனம் அவரின்ரை நல்ல மனசைப் பற்றித்தான் இப்ப கதைக்குது.”

ஆக, நோர்வேயில் நான் பிழை செய்யாதவன். கொடிகாமத்தில் நான் பிழை செய்தும் முதலாளி பொய் சொல்லிக் காப்பாற்றிய பெடியன். மனைவி மரக்கறி வாங்கப் போனால், கந்தப்பு எடுத்துக் கொடுத்த வேலை எப்படிப் போகிறது என்று விசாரிக்கிறார்களாம்.

பொறுப்பாளர் அந்த உரையாடலைக் கேள்வி பதிலாகத் தட்டெழுதி வைத்திருந்தார். அதில் ஒரு பிரதி கேட்டேன். முதல் வேலையின் நினைவுக்கு என்று எண்ணிக் கையெழுத்தும் வைத்துத் தந்தார். படம் எடுத்து ரவிக்கு அனுப்பினேன். அவன் பெரிதாக அச்சடித்து, மழை படாமல் பிளாஸ்டிக் ஒட்டி, கந்தப்பு கடைக்கு நேர் எதிரே மின்கம்பத்தில் கட்டியிருக்கிறான். முழுக்க நோர்வே மொழி. வாசிக்க அங்கே ஒருவரும் இல்லை. வாசிக்கக்கூடியவர்களுக்கு இங்கே கொடிகாமம் எந்தப் பக்கம் என்றே தெரியாது. வெளிநாட்டு வேலை விளம்பரம் என்று நினைத்துப் பெடியள் படம் எடுத்துக்கொண்டு போகிறார்களாம்.

கந்தப்பு மட்டும் விளம்பரம் என்று நம்பவில்லை. ஆங்கில எழுத்தில் தன் பெயரும் என் பெயரும் அதில் இருப்பது அவருக்குத் தெரிகிறது. “உதிலை என்னடா எழுதிக் கிடக்கு?” என்று ரவியிடம் மூன்று தரம் கேட்டுவிட்டார். அத்தானைக் கேளுங்கோ என்று சொல்லி, ரவி அடியில் என் இலக்கத்தை எழுதிவிட்டிருக்கிறான்.

களஞ்சியத்தில் வேலை நேரத்தில் தொலைபேசியை நிறுத்தி வைக்கவேண்டும். நான் நிறுத்துவதில்லை. பெரு நாட்டிலிருந்து வந்த மாம்பழத்தின் காம்படியை மணந்துகொண்டு நிற்கும்போதும் அது என் சட்டைப் பையில் கிடக்கிறது. கந்தப்பு இன்னும் அழைக்கவில்லை.