அண்ணையின் காலில் இருந்தது

அந்தப் படத்தை நான் கிழிக்காமல் விட்டதே பெரிய காரியம். அதில் அண்ணை வெளிநாட்டில், டாவோஸ் மலைப் பனியில், இரண்டு சறுக்குப் பலகைகளைப் பிடித்துக்கொண்டு, பல்லெல்லாம் தெரியச் சிரித்தபடி நிற்கிறார். யாழ்ப்பாணத்தில் எங்கள் வீட்டுக்கு அது தபாலில் வந்து சேர்ந்தது அப்பா செத்த எட்டாம் நாள், எட்டுச்செலவு அன்று. மூத்த மகன் உயிரோடு இருக்க, சித்தப்பாதான் கொள்ளி வைத்தார். அகதி வழக்கு முடியவில்லை, வெளிக்கிட்டால் திரும்பி வரமுடியாது என்று அண்ணை தொலைபேசியில் அழுததை நானும் நம்பியிருந்தேன். படத்தைக் கண்டதும் கிழிக்கத்தான் கை போனது. அப்பா படுக்கையில் கிடக்க இவருக்கு அங்கே விளையாட்டோ? ஊரும் அதைத்தான் கேட்டது. அம்மா மட்டும் படத்துக்குச் சட்டம் போட்டு ஹோல் சுவரில் மாட்டினார்.

பிறகு நானும் கலியாணம் முடித்து அண்ணை இருந்த நாட்டுக்கே, ஆரா என்கிற ஊருக்கு வந்தேன். அண்ணை கூர் என்கிற ஊரில் இருக்கிறார், ரயிலில் இரண்டு மணித்தியாலம்தான். ஒருமுறை வீடு தேடி வந்தவரைத் தேத்தண்ணீர் கூடக் கொடுக்காமல் அனுப்பினேன். அவரும் வந்த வழியே போனார். அப்படி வாயை மூடிக்கொண்டு போனதுதான் எனக்கு இன்னும் எரிச்சல்.

போன மாசியில், பனியில் சறுக்கவேண்டும் என்ற மகளின் தொல்லை தாங்காமல் டாவோஸ் போனோம். பலகை வாடகைக்குக் கொடுக்கும் கடையில், கல்லுப் போலக் கனத்த ஒரு சப்பாத்துக்குள் அவளுடைய காலைத் திணித்தார்கள். "இது இல்லாமல் பலகையிலை ஏறவே ஏலாதம்மா," என்றாள், எனக்கு ஒரு மண்ணும் தெரியாது என்கிற இளக்காரத்தோடு.

அப்போதுதான் அண்ணையின் படம் ஞாபகம் வந்தது. ஊர் வீட்டை விற்றபோது அந்தப் படத்தைக் கைத்தொலைபேசியில் எடுத்து வைத்திருந்தேன். பெரிதாக்கிப் பார்த்தேன். அண்ணையின் காலில் ரப்பர்ச் செருப்பு. ஹோட்டல் குசினியில் கோப்பை கழுவுகிறவர்கள் போடுவது.

அங்கேயே நின்று அவருக்குத் தொலைபேசி எடுத்தேன்.

"அண்ணை, அந்தப் பலகை ஆருடையது?"

"ஹோட்டலிலை தங்கின ஆரோ ஒருத்தற்றை. பின்வாசல்லை சாத்திக் கிடந்தது. கழுவுற வேலைக்கு நடுவிலை ரெண்டு நிமிசம் பிடிச்சுக்கொண்டு நிண்டனான். நான் நல்லா இருக்கிறன் எண்டு அப்பாவுக்குக் காட்ட."

"அதை ஏன் எனக்குச் சொல்லேல்லை?" கடைக்காரன் திரும்பிப் பார்க்கக் கத்தினேன்.

"நீ கேக்கேல்லையே, பிள்ளை."

சே! அவர்மேல் வந்த ஆத்திரத்தைவிட என்மேல் வந்ததுதான் கூட. அவ்வளவு காலம் அந்தப் படம் எங்கள் சுவரில் தொங்கியது. வந்த சனமெல்லாம் பலகையைப் பார்த்தது, சிரிப்பைப் பார்த்தது, நாக்கூசாமல் கதைத்தது. நானும் அவர்களோடு சேர்ந்து கதைத்தேன். ஒருத்தருக்காவது குனிந்து காலைப் பார்க்கத் தோன்றவில்லை. அந்தப் பனிக்குள் அண்ணை காலுறை கூடப் போட்டிருக்கவில்லை.