கஞ்சித் தண்ணீர் மட்டும்

என் வீட்டுக்காரரின் வேட்டியில் ரத்தக் கறையை நான் முதலில் பார்த்தது துவைக்கிற கல்லில். கேட்டதற்கு, "மூலச் சூடு, உடு" என்றார். எங்கள் வெண்ணந்தூரில் ஆண்பிள்ளை யாருக்கு அந்த இடத்தில் நோவென்றாலும் அது மூலம்தான். அதற்கு மேல் யாரும் பேசமாட்டார்கள். நானும் துத்திக்கீரையை வதக்கி வதக்கிப் போட்டேன். வருஷம் திரும்புவதற்குள் ஆள் பாதியாகிவிட்டார். என் வாய்க்குப் பயந்துதான் கடைசியில் சேலத்துக்கு வர ஒப்புக்கொண்டார். யுத்த காலம். பெட்ரோல் கிடைக்காமல் கரிப்புகையில் ஓட்டிய பஸ் மேட்டில் ஏற மாட்டாமல் நிற்கும், எல்லோரும் இறங்கி நடக்க வேண்டும். அவரால் நடக்க முடியாது. கண்டக்டரோடு சண்டை பிடித்து அவரை மட்டும் உள்ளேயே உட்கார வைத்தேன்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் சோதித்துப் பார்த்துவிட்டு, மூலமில்லை, மலக்குடலில் புற்று என்றார். அதை அறுத்தெடுத்துவிட்டு வயிற்றில் ஒரு வழி வைக்க வேண்டும். ஆயுசுக்கும் மலம் அந்த வழியில்தான் போகும். கேட்டதும் அவர் முகம் செத்துப்போயிற்று. "வயித்துல வழி இருந்தா இருந்துட்டுப் போவுது. ஆளு இருந்தாப் போதுமுங்க, நான் தொடைச்சு உடறேன்" என்றேன். மனசாரத்தான் சொன்னேன்.

டாக்டர் என்னைத் தனியே கூப்பிட்டு ஒன்று சொன்னார். "முன்னெல்லாம் இந்த அறுவையில நிறையப் பேர் போயிட்டாங்கம்மா. கத்தியால இல்ல. குடல்ல மிச்சம் மீதி இருந்து, அறுத்த இடத்துல கசிஞ்சு, வயிறெல்லாம் சீழ் பிடிச்சுத்தான் போனாங்க. இப்ப குடலைக் காலி பண்ணிட்டுத்தான் தொடறோம். நிறையப் பேர் பிழைக்கிறாங்க. கஞ்சித் தண்ணி, இளநீர். வேற எதுவும் கூடாது. அது உங்க பொறுப்பு."

என் பொறுப்பு! அதை நான் காத்த மாதிரி எந்தக் காவல்காரனும் காத்திருக்க மாட்டான். கஞ்சியைத் துணியில் இறுத்துத் தண்ணீரை மட்டும் கொடுத்தேன். பக்கத்துக் கட்டிலுக்குப் பலகாரம் வந்தால் இவர் பக்கம் முந்தானையை விரித்து மறைத்தேன். "ஒரு வாய் களி குடேன், கொல்றயே" என்று கெஞ்சுவார். வெளியே போய் அழுதுவிட்டு வந்து, "முடியாதுங்க" என்பேன்.

அவருடைய அக்கா, எனக்கு நங்கையா, சேலத்துக்குப் பக்கத்தில் அயோத்தியாப்பட்டணத்தில் வாழ்க்கைப்பட்டவள். தம்பிக்காகக் குலதெய்வத்துக்குக் கிடாய் வேண்டியிருந்தாள். எங்கள் குடும்பத்தில், யாருக்காக வெட்டினார்களோ அவர் அந்தக் கறியில் ஒரு கவளமாவது தின்ன வேண்டும். இல்லையென்றால் சாமி ஏற்காது என்பார்கள். அறுவைக்கு முந்தின நாள் கிடாயை வெட்டிவிட்டு ஆஸ்பத்திரிக்கு வந்தாள். கறியைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை, திருநீறு மட்டும் பூசிவிட்டாள். சரி, புத்தி வந்துவிட்டது என்று நினைத்தேன். "நங்கையா, துணி அலசிட்டு வாரேன். ஆரு என்ன குடுத்தாலும் வாயில வெக்க உடாதீங்க" என்று அவளிடமே சொல்லிவிட்டுக் குழாயடிக்குப் போனேன். அவளிடமே!

மறுநாள் அறுத்தார்கள். அதற்கடுத்த நாளே காய்ச்சல். வயிறு பானையாக உப்பிவிட்டது. டாக்டர் கட்டிலருகே நின்று என்னைப் பார்த்த பார்வை இன்னும் மறக்கவில்லை. "குடல் காலியா இல்லையேம்மா. என்ன குடுத்தீங்க?"

"கஞ்சித் தண்ணிதானுங்க."

"பொய் சொல்லாதீங்க."

தாலியைக் கையில் பிடித்தேன். "இந்தத் தாலி மேல சத்தியமுங்க! கஞ்சித் தண்ணிக்கு மேல அவுரு வாயில ஒண்ணும் போகலீங்க!" என்று வார்டே திரும்பிப் பார்க்கக் கத்தினேன். கட்டிலில் அவர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். வலி தாளவில்லை போலிருக்கிறது என்று நெற்றியைத் தடவிக் கொடுத்தேன். மூன்றாம் நாள் போய்விட்டார்.

இழவு வீட்டில் நங்கையா நடு வாசலில் நின்று மாரில் அடித்துக்கொண்டாள். "பட்டினி போட்டே எந் தம்பியக் கொன்னுபோட்டாளே, பாவி!" ஊர் அதையே பிடித்துக்கொண்டது. டாக்டருக்கு நான் பொய்க்காரி, ஊருக்கு நான் கொலைகாரி. எனக்கு மட்டும் ஒரு தைரியம் இருந்தது. நான் பொய் சத்தியம் செய்யவில்லை. அந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டுதான் வருஷங்களை ஓட்டினேன்.

ஒரு பொங்கலுக்குக் குலதெய்வக் கோயிலில் எல்லோரும் கறி தின்றுகொண்டிருந்தோம். நங்கையாவுக்கு வயசாகி வாய் தளர்ந்திருந்தது. என் இலையில் ஒரு துண்டை வைத்துவிட்டுச் சொன்னாள்.

"அன்னிக்கு நானாச்சும் எந் தம்பிக்கு வவுறார ஊட்டுனேன். நீ போட்ட பட்டினியோட போயிருந்தா அவன் ஆவி அலைஞ்சிருக்கும்."

"என்னிக்குங்க?"

"நீ துணி அலசப் போனயே, அன்னிக்குத்தான். தூக்குல சோறும் கறியும். எத்தனை ஆசையாத் தின்னான் தெரியுமா, சாமி! 'அவகிட்டச் சொல்லிப்போடாதக்கா, கத்துவா'ன்னு சொன்னான்."

கை இலையிலேயே நின்றுவிட்டது. இவளை விடுங்கள், இவளுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். அவருக்குத் தெரியுமே! கறியைத் தின்ற வாயை மூடிக்கொண்டு அல்லவா படுத்திருந்தார்! அவர் உயிரின் மேல் நான் பொய் சத்தியம் செய்ததைக் காதால் கேட்டுக்கொண்டு, சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். அந்த நெற்றியை நான் தடவிக்கொண்டிருந்தேன். ஒருத்தி இத்தனை ஏமாளியாக இருப்பாளா?

நான் கத்துவேன் என்று பயந்தாராம். கத்தியிருப்பேன். அந்தத் தூக்கை நடுக்கூடத்தில் வீசியெறிந்து, டாக்டர் ஓடி வரும்வரை கத்தியிருப்பேன். அறுவையைத் தள்ளிப் போட்டுக் குடலைத் திரும்பக் காலி பண்ணியிருப்பார்கள்.