அரைப் பேருக்கு ஆள் இல்லை

விளையாட்டுக் கழகத்தின் செயலாளர் விளையாட வேண்டியதில்லை. அடிபட்டால் மட்டும் போதும். உங்களில் யாராவது மாதர் சங்கத்துக்கோ வாசிகசாலைக்கோ செயலாளராக மாட்டிக்கொண்டிருந்தால், இதற்கு மேல் விளக்கம் தேவைப்படாது.

எழுபதுகளின் பிற்பகுதியில் மடுல்சீமைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து ஆபீசில் நான் டைப்பிஸ்ட். பண்டாரவளையில் கல்லூரிப் படிப்பு முடித்த கையோடு கிடைத்த வேலை. எங்கள் சின்ன துரை, அதாவது உதவி மனேஜர், கண்டியில் படித்தபோது ரக்பி ஆடியவர். தோட்டத்திலும் ஒரு ரக்பி கழகம் வேண்டும் என்றார். பதினைந்து பேர் தேறவில்லை. சீமையில் பதின்மூன்று பேர் ஆடும் ரகமும் உண்டு என்று கண்டுபிடித்து வந்தார்.

ஃபெக்டரிக்குப் பக்கத்தில் சும்மா கிடந்த நிலத்தைப் பெரிய துரை தந்தார், ஒரு நிபந்தனையோடு. மழை தொடங்குமுன் பதுளை அணியோடு ஒரு ஆட்டம் ஆட வேண்டும். பதின்மூன்று பேரும் இறங்க வேண்டும். ஓர் ஆள் குறைந்தாலும் நிலம் போய்விடும், அங்கே தேயிலைக் கன்று வளர்க்கும் தவறணை வந்துவிடும். செயலாளராக இருக்கிறாயா என்று என்னைக் கேட்டார்கள். வெட்கத்தில் தலையைக் குனிந்தேன். பெண் பார்க்க வந்தவர்களைப் போல அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

காற்றடித்த கதை

கொழும்பிலிருந்து பந்து பார்சலில் வந்தது, காற்றில்லாமல். அதைப் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறி, பதுளைக் கடைவீதியில் ஒரு சைக்கிள் கடைக்குப் போனேன். கடைக்கார நானா காற்றடித்தார். பந்து நீண்டது. புருவத்தைச் சுருக்கிக்கொண்டு இன்னும் அடித்தார். இன்னும் நீண்டது. இரண்டு முனைகளையும் முழங்காலுக்கு நடுவில் வைத்து அமுக்கிப் பார்த்தார்.

“இது இப்படித்தான் இருக்கும்” என்று நான் சொன்னது எனக்கே கேட்கவில்லை. அதற்குள் பக்கத்துப் புடவைக் கடையிலிருந்து இரண்டு பேர் யோசனை சொல்ல வந்துவிட்டார்கள். கடைசியில் நானா பந்தை என் கையில் வைத்து, துக்க வீட்டில் பேசும் குரலில் சொன்னார்: “தங்கச்சி, நான் காத்தடிச்சதுல ஒரு பிழையும் இல்ல. இது பொறக்கும்போதே இப்படித்தான் போல.”

பின்னால் கொடு

ரக்பியில் பந்தைக் கையால் முன்னால் எறியக் கூடாது. முன்னே ஓடலாம், கொடுப்பதென்றால் பின்னால் வருகிறவனுக்குத்தான் கொடுக்க வேண்டும். எங்கள் ஆட்டக்காரர்களில் முக்கால்வாசிப் பேர் தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டுகிறவர்கள். முன்னே இருக்கிறதை வெட்டித் தள்ளிக்கொண்டு போய்ப் பழகியவர்கள். பின்னால் கொடுக்கச் சொன்னால் நின்று, திரும்பி, மரியாதையாக இரண்டு கையாலும் நீட்டினார்கள்.

வேடிக்கை பார்த்த கங்காணி என் பக்கம் மெல்ல நகர்ந்து வந்து சொன்னார்: “நெரையில முந்திப் போறவ, பின்னுக்கு நிக்கிறவ கூடையில கொழுந்தப் போட்டா, அவளுக்குப் பேய் புடிச்சிருக்குன்னு கோடாங்கியக் கூப்புடுவோம் மிஸ்.”

ஹாஃப்

யார் எந்த இடத்தில் ஆடுவது என்று பட்டியல் டைப் செய்து, காலையில் வேலை பிரிக்கிற பெரட்டுக்கு ஆள் கூடும் இடத்தில் ஒட்டினேன். ஆறுமுகம் ஃபுல்பேக். மருதை ஹாஃப்பேக். எல்லாருக்கும் விளங்கட்டும் என்று பக்கத்திலேயே ‘முழு’, ‘அரை’ என்று தமிழிலும் எழுதினேன். படித்த பிள்ளை செய்கிற வேலை அதுதான்.

தோட்டத்தில் ஒரு நாள் வேலைக்கு ஒரு பேர், அதாவது ஒரு நாள் சம்பளம் போடுவார்கள். பெரட்டுக்குப் பிந்தி வந்தாலும் கொழுந்து குறைந்தாலும் அரைப் பேர். அது தொழிலாளர் குடியிருக்கும் லயம் முழுக்கத் தெரிந்துபோகிற அவமானம். மறுநாள் பயிற்சிக்கு மருதை வரவில்லை. அவன்தான் எங்களில் வேகமாக ஓடக்கூடியவன். அவன் இடத்துக்கு யாரைக் கூப்பிட்டாலும் அன்றே அவர்களுக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. ஃபுல்பேக்குக்கு மட்டும் ஏழு பேர் தயாராக நின்றார்கள்.

சின்ன துரை தன் தமிழில் விளக்கப் போனார். “ஹாஃப் சொன்னா பாதி ஆள் இல்ல. பாதி முன்னுக்கு வேல, பாதி பின்னுக்கு வேல.” ரெண்டு வேலைக்கு அரைப் பேராம் என்று செய்தி லயத்துக்குப் போனது. சாயந்தரம் மருதையின் மனைவி லெட்சுமி ஆபீஸ் ஜன்னலில் வந்து நின்றாள். “எங்க வீட்டுக்காரரு கல்யாணம் கட்டுன நாள்லேருந்து அரைப் பேரு வாங்குனதில்ல மிஸ். ஓடி, விழுந்து, பல்லும் போயி, அதுக்கும் அரைதானா?”

புதிய பட்டியல்

ஆட்டத்துக்கு நான்கு நாள் இருந்தது. கையில் பன்னிரண்டு பேர். அளவுகோலும் சணல் கயிறுமாகத் தவறணைக்கு அளக்க ஆள் வந்துவிட்டது. ரக்பியில் நூறு வருஷமாக இருக்கிற பெயரை மாற்ற முடியாது என்றார் சின்ன துரை. அவர் தேயிலை மலைக்குப் போனதும் டைப்ரைட்டரில் புதிய தாளைச் செருகினேன். முழுப்பேர் ஒன்று, முழுப்பேர் இரண்டு என்று பதின்மூன்று வரைக்கும் அடித்தேன்.

மருதை வந்தான். பட்டியலில் விரலை வைத்து இரண்டு தரம் படித்தான். “முழுப்பேர் ஏழு” என்று சத்தமாகச் சொல்லிவிட்டுச் சட்டையைக் கழற்றிக்கொண்டு மைதானத்துக்குப் போனான். நான் மூச்சு விடுவதற்குள் ஆறுமுகம் வந்து நின்றான். “எல்லாரும் முழுன்னா, மொதல்லேருந்தே முழுவா இருந்தவனுக்கு என்னாங்க மிஸ் மரியாத?”

முயற்சி

ஆட்ட நாளில் பதின்மூன்று பேரும் இறங்கினார்கள். பெரிய துரை நாற்காலியில் உட்கார்ந்து விரல் விட்டு எண்ணினார். ஆறுமுகத்தை மரியாதைக்காக முதலில் நடக்க விட்டிருந்தோம்.

விதிகளைத் தமிழில் எழுதிக் கொடுத்ததும் நான்தான். கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் வைத்தால் அதற்கு ‘ட்ரை’ என்று பெயர். ‘முயற்சி’ என்று எழுதியிருந்தேன். ஆட்டம் முடியப்போகிற நேரத்தில் மருதை பந்தோடு கோட்டைத் தாண்டினான். “வையி, வையி” என்று சனம் கத்தியது. அவன் வைக்கவில்லை. வெறும் முயற்சியோடு நிற்கிறவனா அவன்? அதைத் தாண்டினால் பந்து செல்லாது என்கிற பின்பக்கத்துக் கோடு போடச் சுண்ணாம்பு போதாமல் விட்டிருந்தோம். தேயிலைக்குள் இறங்கி வளைவில் மறைந்தான். பதுளைக்காரர்கள் இருவர் துரத்திப் போய், அட்டைக்கடி வாங்கித் திரும்பி வந்தார்கள்.

ரெஃபரி விசிலோடு காத்து நின்றார். பெரிய துரை மறுபடி எண்ணினார். “மிஸ், பன்னிரண்டுதானே இருக்கு?” நான் தேயிலைப் பக்கம் கையைக் காட்டினேன். தவறணைக்கு அளக்க வந்தவர் சணல் கயிற்றைக் கையில் எடுத்துவிட்டார்.

அப்போது மருதை மேட்டில் ஏறி வந்தான், பந்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, கை காலெல்லாம் கீறலோடு. “ஃபெக்டரிய சுத்தி வந்துட்டேன் மிஸ். இன்னும் எங்க போனா இது முடியும்?” காலடியில் வைக்கச் சொன்னேன், எல்லாருக்கும் கேட்கும்படி. வைத்தான். பின்கோடே இல்லாத இடத்தில் கோட்டைத் தாண்டினான் என்று சொல்ல முடியாது என்று ரெஃபரி மூன்று புள்ளி கொடுத்தார்.

பெரிய துரை எழுந்து, பதின்மூன்றாவது விரலை மடக்குவதுபோல மருதையைப் பார்த்துத் தலையாட்டினார். அளக்க வந்தவரிடம் சொன்னார்: “தவறணைக்கு வேற எடம் பாருங்க. அந்தக் கயித்த இங்க குடுத்துட்டுப் போங்க, இவன நிறுத்தப் பின்பக்கத்துல கட்டணும்.”

அன்று நாங்கள் நாற்பதுக்கு மூன்று என்று தோற்றோம் என்பதைக் கூட்டக் குறிப்பில் எழுத மட்டும் செயலாளருக்கு ஏனோ மறந்துபோயிற்று.